விமானத்திலிருந்த மணல் மூட்டை

பினாங்குத் தீவின் தென்கோடியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு புல்வெளியில், வானோடிக் கனவான்கள் கழகம் என்று ஒன்று இருந்தது. ஊரார் அதைப் பறக்குற கிளப் என்றார்கள். கழகத்திடம் ஒரு விமானமும் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மதுக்கூடமும் ஏராளமான விதிகளும் இருந்தன. விமானம் வாரத்துக்கு ஒருமுறை பறந்தது. மதுக்கூடம் தினமும் நடந்தது. விதிகளுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

விதிகளில் முக்கியமானது நான்காவது. ஆசியர் எவரும் கழகத்தின் விமானத்தில் பயணம் செய்யலாகாது என்று அது சொன்னது. ஆனால் கழகம் இரக்கமில்லாதது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே விதியின் அடுத்த வரி, ஆசியர்கள் விமானத்தைத் துடைக்கலாம், கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வரலாம், அது பறந்து போன பிறகு அண்ணாந்து பார்க்கலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்திருந்தது.

சூலியா தெருவில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஜபருல்லாவுக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் ஆளாக மதித்திருப்பார். எழுதி வைத்த எதற்கும் மரியாதை கொடுக்கிறவர் அவர். ‘இங்கே எச்சில் துப்பாதே’ என்ற பலகையைக் கண்டால், துப்பும் எண்ணமே இல்லாதபோதும் வாயை இறுக மூடிக்கொண்டு கடந்து போவார்.

அவருடைய தம்பி சீனி முகம்மது அப்படியில்லை. துறைமுகத்தில் நாசி கண்டார் விற்பவன். தோளில் கம்பு, ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் கறிச்சட்டிகள். மூட்டை தூக்கும் தமிழர், சீனக் கங்காணிகள், ரிக்‌ஷா இழுப்பவர்கள் என்று அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். காசு இல்லாதவனுக்கும் ஒரு கரண்டி குழம்பு உண்டு. தானும் தன் கையால் சமைத்ததை மனசாரச் சாப்பிடுகிறவன் என்பதால் நல்ல பருமன். அவன் சிரித்தால் வயிறு தனியாகச் சிரிக்கும்.

சனிக்கிழமைகளில் கழகத்துக் கனவான்களுக்குக் காரம் தேவைப்பட்டது. அதனால் சனிக்கிழமை மட்டும் சீனி கழகத்தின் பின்வராந்தாவுக்குக் கறி கொண்டுபோவான். அங்கேதான் அவனுக்கு விமானம் ஏறும் யோகம் வந்தது.

கழகத் தலைவர் பென்ஃபோல்ட் துரையின் மனைவியை ஆண்டு விழா அன்று விமானத்தில் ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுவதென்று முடிவாகியிருந்தது. விமானம் ஓட்டும் கேப்டன் லாயிட், வண்டி கொஞ்ச நாளாகவே மேலே ஏற முனகுகிறது, மேம்சாகிபை ஏற்றும் முன் அதே பாரத்தை வைத்து ஒருமுறை பறந்து பார்க்க வேண்டும் என்றார். மணல் மூட்டை வைக்கலாம் என்றார் ஒருவர். செயலாளர் மேஜர் விட்டேகர் மறுத்துவிட்டார். கோணிச் சாக்கு உரசினால் இருக்கையின் தோல் கிழிந்துவிடும். அந்தத் தோல் இங்கிலாந்திலிருந்து வந்தது.

கேப்டன் பின்வராந்தாவைப் பார்த்தார். சீனி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான்.

கொப்பரை நிறுக்கும் தராசில் அவனை ஏற்றினார்கள். அதற்கு முன் மேம்சாகிபும் ரகசியமாக அதே தராசில் ஏறியிருந்தார். இரண்டு கணக்கும் ராத்தல் பிசகாமல் ஒத்துப்போயின. கேப்டனுக்கு மகிழ்ச்சி. மேஜருக்கோ நான்காவது விதி உறுத்தியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, விதி பயணியைத்தான் தடுக்கிறது, பாரத்தைத் தடுக்கவில்லை என்று கண்டுபிடித்தார். கழகத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜைக் கூப்பிட்டு, அன்றைய பறத்தல் குறிப்பில் ‘கேப்டன் லாயிட், மணல் மூட்டை ஒன்று’ என்று எழுதச் சொன்னார். ஜெயராஜ் எழுதினார்.

சீனி அண்ணனிடம் ஓடி வந்தான்.

“நானா! வர்ற சனிக்கிழமை நான் கப்பல் தெர்பாங்ல ஏறப்போறேன்லா!”

“உன்ன யாருடா விமானத்துல ஏத்துவா?”

“கேப்டன் துவான்தான் கூப்பிட்டாரு. நான் மூட்டையாம். அசையக் கூடாது, பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான். சும்மா குந்திக்கிட்டு மேலேர்ந்து பார்க்க வேண்டியதுதான். நீ வேலி ஓரமா நில்லு நானா, நான் கை காட்டுறேன்.”

“அசையக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொன்னே?”

“கை காட்டுறது அசையிறதாலா?”

அந்தச் சனிக்கிழமை ஜபருல்லா கடையை மூடிவிட்டு பஸ் ஏறிப் போய் வேலி ஓரத்தில் நின்றார். மதிய விருந்து முடிந்து கேப்டன் லாயிட் வந்தார். விருந்தில் கறி நன்றாக இருந்ததாகவும் ஜின் அதைவிட நன்றாக இருந்ததாகவும் பிறகு தெரியவந்தது. சீனி சலவைச் சட்டையும் கைலியுமாக, கல்யாண மாப்பிள்ளைபோல் முன் இருக்கையில் ஏறினான். இருக்கை அவனுக்குச் சரியாக இருந்தது. அது அவனளவு உள்ள ஒருவருக்காகவே விரிவாக்கப்பட்டிருந்தது.

எஞ்சின் இரைந்தது. விமானம் புல்லில் ஓடி, குதித்து, எழும்பியது. வேலியைத் தாண்டும்போது சீனி கையைத் தூக்கி அண்ணனுக்குக் காட்டினான். ஜபருல்லாவும் காட்டினார். தம்பியின் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

தென்னைமரங்களுக்கு மேலே போகும்போது எஞ்சின் இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு சத்தமே இல்லை. இடது இறக்கை சாய்ந்தது. விமானம் மரங்களுக்குள் இறங்கிப்போயிற்று.

ஜபருல்லா ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துக் கிடத்தியிருந்தார்கள். கேப்டன் இறந்திருந்தார். சீனியும் இறந்திருந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜபருல்லா தம்பியின் கண்களை மூடிவிட்டு, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. எழுந்திருடா, கைலி அழுக்காயிரும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கனவான்கள் காரில் வந்தார்கள். தொப்பிகளைக் கழற்றிக் கேப்டனுக்குத் தலைவணங்கினார்கள். கொடி போர்த்தி அவரைக் காரில் ஏற்றினார்கள். மேஜர் விட்டேகர் சுற்றிலும் பார்த்துவிட்டு, விசாரணைக் குழு கூடும்வரை விமானத்தின் பாகம் எதையும் யாரும் எடுத்துப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். சிதறிக் கிடந்த சக்கரம், உடைந்த காற்றாடி, கிழிந்த இறக்கைத் துணி, சீனி முகம்மது எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

ஜபருல்லா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனார். கொட்டகை வாசலில் நின்ற போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிராணி ஜெயராஜ் மொழிபெயர்த்தார். மெலிந்த மனிதர், கிறிஸ்தவர், எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பெயர்த்துச் சொல்வதில் கழகத்தில் அவருக்கு நல்ல பெயர்.

“துவான், என் தம்பி மையித்தைக் குடுத்துருங்க. பொழுது சாயறதுக்குள்ள அடக்கணும்.”

இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். “விபத்தில் இறந்தது ஒருவர். கேப்டன் லாயிட். இரண்டாவது சடலம் ஒன்று இருப்பதாக என்னிடம் தகவல் இல்லை.”

“அந்தா தெரியுதே துவான், படுதாக்குக் கீழ.”

“அது விமானத்தில் இருந்த பாரம். கழகத்தின் சொத்து. அதைப் பற்றி நீ கழகத்திடம்தான் கேட்க வேண்டும். யாரும் இறக்காதபோது போலீஸ் சடலத்தை ஒப்படைக்க முடியாது. அப்படிச் செய்தால் நான் ஒரு மனிதனைக் காரணமில்லாமல் கொன்றதாக ஆகிவிடும்.”

ஜெயராஜ் அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, “காலைல கமிட்டி கூடுது பாய். ஞாயித்துக்கிழம, மாதாகோயில் முடிஞ்சதும் வருவாங்க. உங்களையும் சாட்சியா கூப்பிடுவாங்க. அங்க கேட்டுப் பாருங்க” என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்த்தது அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

காலையில் சீனியின் மனைவி ரோஹானா வந்துவிட்டாள். கூடவே துறைமுகத்து ஆட்கள் ஒரு லாரி நிறைய. அவர்களைக் காவல்காரர் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிறுத்திவைத்தார். ரோஹானா நிறைமாதக்காரி. கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமிட்டி மண்டபத்தில் கூடியது. ஜபருல்லாவை உள்ளே அழைப்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஆசியர்கள் மண்டபத்துக்குள் தட்டு ஏந்தியவாறு மட்டுமே நுழையலாம் என்று ஒரு விதி இருந்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் கவலையோடு இருந்தார்கள். கடைசியில் மேஜரே வழி கண்டுபிடித்தார். ஜபருல்லாவின் கையில் ஒரு தட்டையும் அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரையும் கொடுத்து உள்ளே விட்டார்கள். ஜெயராஜ் ஒரு தட்டில் மைக்கூடு ஏந்தியிருந்தார்.

பென்ஃபோல்ட் துரை எழுந்து பேசினார். நல்ல குரல். ரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் குரல்.

“கனவான்களே, இன்று நாம் ஒரு மாவீரரை இழந்து நிற்கிறோம். இழப்பு ஒன்றுதான் என்பது நமக்கு ஆறுதல். இந்தக் கழகம் தொடங்கிய நாள் முதல் ஓர் ஆசியர்கூட நம் விமானத்திலிருந்து விழுந்ததில்லை. காரணம், நாம் யாரையும் ஏற்றியதே இல்லை. ஆசியர்களின் உயிரை இவ்வளவு அக்கறையோடு பாதுகாத்த வேறொரு கழகம் உலகில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.”

கனவான்கள் மேசையைத் தட்டினார்கள். ஜெயராஜ் ஜபருல்லாவின் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

விபத்துக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார்கள். எஞ்சினாக இருக்க முடியாது என்று முதலிலேயே முடிவாயிற்று. அது இங்கிலாந்தில் செய்யப்பட்டது. நின்றுபோயிற்றே என்றார் ஓர் இளம் உறுப்பினர். இங்கிலாந்து எஞ்சின் நிற்பதில்லை, அது ஓய்வெடுக்கிறது என்று மேஜர் விளக்கினார். கேப்டன் அருந்திய ஜின்னைப் பற்றிக் கழகத்து டாக்டரைக் கேட்டார்கள். கனவானுக்குரிய அளவுதான் அருந்தினார், அருந்தாமல் இருந்திருந்தால்தான் கை நடுங்கியிருக்கும் என்றார் டாக்டர். காற்றைக் குற்றம் சொல்லலாமா என்று யோசித்தார்கள். காற்று கழகத்தின் உறுப்பினர் இல்லையாதலால் அதன்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது என்று தெரிந்தது.

மிஞ்சியவை தென்னைமரங்கள்.

“அந்த மரங்கள் கழகத்துக்கு முன்பே அங்கே இருந்தவை” என்றார் அந்த இளம் உறுப்பினர்.

“ஆனால் அதன்பிறகும் வளர்ந்திருக்கின்றன” என்றார் பென்ஃபோல்ட் துரை. “நமக்கு ஒரு வார்த்தை தெரிவிக்காமல்.”

அது குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்து சாட்சி.

மேஜர் கேட்டார். “விமானத்தில் மணல் மூட்டை ஏற்றப்பட்டதைப் பார்த்தாயா?”

“என் தம்பி ஏறுறதப் பார்த்தேன் துவான்.”

“உன் தம்பி கழகத்தில் உறுப்பினரா?”

“இல்லீங்க. சோறு விக்கிறவன்.”

“அப்படியானால் அவன் ஏறியிருக்க முடியாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். மூட்டை நேராக வைக்கப்பட்டிருந்ததா?”

இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு பேர் சேர்ந்து தவறாகச் சொல்ல மாட்டார்கள் என்று ஜபருல்லாவின் ஒரு மனம் சொன்னது. தானே ஏதோ சரியாகச் சொல்லவில்லை, கொஞ்சம் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார்.

“துவான், அது மூட்டை இல்லீங்க. உசுரோட இருந்தான். வேலிய தாண்டையில என்னைப் பார்த்துக் கைய ஆட்டினான். நான் என் கண்ணால பார்த்தேன்.”

ஜெயராஜ் மொழிபெயர்த்ததும் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஆட்டினானா? எப்படி? காட்டு.”

ஜபருல்லா வலது கையைத் தூக்கி ஆட்டினார். தட்டு சாய்ந்தது. தம்ளர் விழுந்து உடைந்தது.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் மேஜர். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. “விமானம் மேலெழும்போது மணல் மூட்டை அசைந்தது. நேரில் கண்ட சாட்சி உள்ளது. மூட்டை அசைந்ததால் சமநிலை கெட்டது. தம்ளர் ஒன்று உடைந்தது.”

ஜெயராஜ் எழுதியதை அப்படியே ஜபருல்லாவிடம் சொன்னார். தம்பி செத்ததற்குத் தம்பியே காரணம், அதற்குச் சாட்சி தானே என்பது ஜபருல்லாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஜன்னலில் ஒரு குரல் கேட்டது.

மேம்சாகிப் பென்ஃபோல்ட். பெண்கள் நடன நாள்களில் மட்டுமே மண்டபத்துக்குள் வரலாம் என்பதால் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேச ஆரம்பித்ததும் ஜெயராஜ் பழக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார்.

“அது மணல் மூட்டை இல்லை. கறி கொண்டுவருகிற அந்த மனிதர். நான் உட்கார வேண்டிய இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். நான் நூற்றெண்பத்திரண்டு ராத்தல். அவரும் நூற்றெண்பத்திரண்டு ராத்தல். ஒரே தராசில் நிறுத்தார்கள். எனக்குப் பதிலாக அவர் செத்துப்போனார்.”

மண்டபத்தில் எல்லார் முகமும் வெளுத்தது. இரண்டு பேர் செத்ததைக் கேட்டபோதுகூட அந்த முகங்கள் அப்படி வெளுக்கவில்லை. இளம் உறுப்பினர் கூரையைப் பார்த்தார். டாக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

பென்ஃபோல்ட் துரை எழுந்தார். “அன்பே, வெயில் அதிகமாகிவிட்டது” என்றார். பிறகு கமிட்டியின் பக்கம் திரும்பினார். “கனவான்களே, ஒரு சீமாட்டியின் எடை இந்த மண்டபத்தில் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருந்தாலும் நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாம் கனவான்கள்.”

“ஹார்பர்ட், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நூற்றெண்பத்திரண்டு!”

“குழுவின் காது சிறிது நேரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது” என்றார் துரை.

காரோட்டி வந்து மேம்சாகிபை மரியாதையாக அழைத்துப் போனார். போகிற வழியில் அவர் கேட்டருகே நின்றார். மரத்தடியில் நின்ற ரோஹானாவைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்ல மொழியில்லாமல் கைகளைக் கூப்பிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கார் போய்விட்டது.

குழுவின் காது மீண்டும் கூடியது. முடிவு வாசிக்கப்பட்டது. விபத்துக்குக் காரணம் தென்னைமரங்களின் வளர்ச்சியும் மணல் மூட்டையின் அசைவும். மரங்கள் வெட்டப்படும். கேப்டனுக்கு வெண்கலப் பலகை வைக்கப்படும். மணல் மூட்டைகள் இனி நன்றாகக் கட்டப்படும்.

“என் தம்பி, துவான்?” என்றார் ஜபருல்லா. தட்டு இன்னும் கையில் இருந்தது.

மேஜர் பொறுமையாக விளக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று காலை கோயிலில் மனமுருகிப் பாடிவிட்டு வந்தவர்.

“இதோ பார். இரண்டு வழி இருக்கிறது. உள்ளே கிடப்பது மனிதன் என்று நீ சொன்னால், அவன் விதியை மீறி விமானத்தில் ஒளிந்து ஏறிய திருடன் ஆகிறான். வழக்கு நடக்கும். வழக்கு முடியும்வரை சடலம் அரசாங்கத்திடம் இருக்கும். மழைக்காலத்துக்குள் முடியலாம். மணல் மூட்டை என்று ஒப்புக்கொண்டால், அது சேதமான பொருள். கழகத்துக்கு இனி பயன்படாது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போதே எடுத்துப் போகலாம். கழகம் அதற்கு விலை கேட்கப் போவதில்லை.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தன் பெருந்தன்மையில் தானே கொஞ்சம் கரகரத்தது.

ஜபருல்லா கேட்டுக்குப் போனார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. விஷயத்தைச் சொன்னார். துறைமுகத்து ஆட்கள் கொதித்தார்கள். கொட்டகையை உடைப்போம் என்றான் ஒருவன். இன்னொருவன் லாரிக் கம்பியை உருவினான். ரோஹானா கையை உயர்த்தினாள். எல்லாரும் அடங்கினார்கள்.

“மச்சான், நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல ரோஹானா. எப்படிச் சொல்லுவேன்? கூடப் பொறந்தவன மூட்டைன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா நாளைக்குப் பொறக்கிற புள்ள என்ன நினைக்கும்?”

“அவங்க தாள்ல அவங்களுக்கு வேண்டியத எழுதிக்கட்டும்லா. அவரு யாருன்னு அவங்க சொல்லியா எனக்குத் தெரியணும்?” அவள் கொட்டகையைக் கைகாட்டினாள். “நேத்துலேர்ந்து தகரக் கொட்டாயில கெடக்காரு மச்சான். வெயில் ஏறுது. அவருக்கு வெயில் ஆகாது. போய்க் கூட்டிட்டு வாங்க.”

ஜபருல்லா திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் எழுதி வைத்த எதையும் அவர் சந்தேகித்ததில்லை. அன்று அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதற்கெல்லாம் தலை வணங்கினோமோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது. பேனா தாளைக் கிழித்தது. மேஜர் அதையும் மன்னித்தார்.

மூட்டையைக் கழகத்துக்கு வெளியே உரிய முறையில் அப்புறப்படுத்தியதற்கு அத்தாட்சி வேண்டுமல்லவா? அதற்காக ஜெயராஜையும் கூடவே அனுப்பினார்கள். லாரியின் பின்பக்கம் சீனியைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்க, ஜெயராஜ் ஓரமாகத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை வந்தார்.

வீட்டில் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்தினார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு பேராக் ரோடு மையவாடிக்குத் தூக்கிப் போனார்கள். சந்தூக்கின் கீழே தோள் கொடுக்க இடம் கிடைக்காமல் ஆட்கள் முட்டிக்கொண்டார்கள். தோப்பில் இருந்து அவனை வெளியே இழுத்த மலாய்க்காரர்களும் வந்திருந்தார்கள். சீனக் கங்காணிகள் கேட்டருகே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

மையவாடி வாசலில் பள்ளிவாசல் கத்தீபு கையை நீட்டினார்.

“கடுதாசி எங்க? நகரசபைக்காரங்க இப்பல்லாம் கடுதாசி இல்லாம கபுர் தோண்ட விடுறதில்ல. போன மாசம்தான் அபராதம் போட்டாங்க.”

ஜபருல்லாவிடம் இருந்தது ஒரே கடுதாசி. கையெழுத்துப் போட்டதற்குக் கழகம் கொடுத்த நகல். அவர் அதை எடுத்துக் கொடுத்தார். கத்தீபு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இங்கிலீசு. இதுல என்ன போட்டிருக்கு? யாராவது படிச்சுச் சொல்லுங்களேன்.”

கூட்டம் விலகியது. ஜெயராஜ் தனியாக நின்றார். தாள் அவர் கைக்கு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘சேதமடைந்த மணல் மூட்டை ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது.’ காலையில் அவரே எழுதியது. அதைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. ஜபருல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஹானாவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றிலும் இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் இப்போது அந்த வார்த்தை வரப்போகிறது.

“சீனி முகம்மது” என்றார் ஜெயராஜ். கொஞ்சம் நிறுத்தினார். “துறைமுகத்துல நாசி கண்டார் வியாபாரம். வயசு முப்பத்தி நாலு. நேத்து மத்தியானம், ஆகாயக் கப்பல்ல பயணம் போகையில, கப்பல் விழுந்து மவுத்தானாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. எஞ்சின்தான் நின்னுபோச்சு.”

கத்தீபு தாளை வாங்கி மறுபடியும் பார்த்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

“இம்புட்டும் இந்த ஒரு வரியிலயா இருக்கு?”

“இங்கிலீசுல சுருக்கித்தான் எழுதுவாங்க” என்றார் ஜெயராஜ்.

கத்தீபு அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளை மடித்து ஜுப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வாங்க, தொழுவோம்” என்றார். ஜெயராஜ் பின்வாங்கி, சீனர்களுக்கு அருகே கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜனாசாத் தொழுகை முடிந்தது. வழக்கம்போல் கத்தீபு வரிசைகளைப் பார்த்துத் திரும்பினார்.

“நம்மள விட்டுப் போறவரப் பத்தி நீங்க என்ன சாட்சி சொல்றீங்க?”

“நல்ல மனுசன்” என்றது கூட்டம்.

“என்ன சாட்சி சொல்றீங்க?”

“நல்ல மனுசன்!” பின்வரிசையில் மலாய்க்காரர்கள் தங்கள் மொழியில், “ஓராங் பாய்க்” என்றார்கள். கேட்டுக்கு வெளியிலிருந்தும் ஏதோ ஒரு குரல் வந்தது.

மூன்றாவது முறை கத்தீபு கேட்டபோது ஜபருல்லாவும் சொல்ல வாய் திறந்தார். முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதுதான் வெளியே வந்தது. மையவாடி முழுக்கக் கேட்கும்படி வந்தது.

“மனுசன்!”